ஆயாவுக்கு ஒரு ஆயாவா?

2019 ஆவணியில் ஒரு முற்பகல். முதியவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு மதுரையிலிருந்து போன் செய்தேன். எடுத்த பையன் வயது, எடை, சர்க்கரை உண்டா, படுத்த படுக்கையா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில், "நர்ஸ் வேணுமா மேடம், ஆயா போதுமா? ஆயான்னா ரேட் கம்மி" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாங்கள் நகரத்தார், செட்டிநாட்டுச் செட்டியார்கள். எங்கள் வீடுகளில் ஆத்தா என்றால் அம்மா, அப்பத்தா என்றால் அப்பாவைப் பெற்றவள், ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். தேவகோட்டைக்குப் பக்கத்து ஊரில், பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டில், 84 வயதில் தனியாக இருந்த ஒரு மனுஷிக்குத்தான் நான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் ஆத்தா. என் மகனுக்கு ஆயா. வளவு என்கிற உள்முற்றத்துப் படியில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். ஆத்தா சிரிக்கவில்லை. "ஆயாவுக்கு ஒரு ஆயாவா? கேக்குறவுக சிரிப்பாக" என்று போனை வைத்துவிட்டாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். காரியத்தைப் பார்க்காமல் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் தொழில் வியாதி. எங்கள் ஆயா, தாயைக் குறிக்கும் 'ஆய்' என்ற பழைய சொல்லின் வழி வந்தவள். வேலைக்கு வரும் ஆயாவோ கப்பலில் வந்தவள். பிள்ளை வளர்க்கும் செவிலியைப் போர்ச்சுகீசியர் 'ஆயா' என்றார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். துரைமார் பங்களாக்களின் பின்கட்டு வழியாக அது நம் பேச்சுக்குள் நுழைந்தது. அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்கு மூலம், பாட்டி என்று பொருள்படும் 'அவியா' என்ற லத்தீன் சொல் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். பாட்டியாகப் புறப்பட்டவள், கடல் சுற்றி வருவதற்குள் சம்பளக்காரியாகிவிட்டாள்.

மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களிலிருந்து அந்த ஆயாக்கள் வெள்ளைக்காரக் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கிறார்கள். கரை சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று, திரும்பிவரக் கப்பல் கூலிகூட இல்லாமல் விடப்பட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காக லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' என்றே ஒரு விடுதி இருந்தது. 1900-ல் அது ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு மாறியது. 2022-ல் அந்தக் கட்டடத்தில் நீல நிற நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். இங்கே துரைமார் போன பிறகும் சொல் போகவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் ஆயா, பால்வாடியில் ஆயா, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு சத்துணவுக் கூடத்தில் ஆயா. இப்போது நகரத்து அடுக்குமாடி வீடுகளில் கிழவர் கிழவிகளைப் பார்த்துக்கொள்ள ஆயா. குழந்தையைத் தூக்கியவள் கிழவியைத் தூக்குகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஆத்தாவின் மறுப்பு சொல்லைப் பற்றியது அல்ல. அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

செட்டிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் நின்று பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைத் தடவிப் பார்க்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் எங்கள் ஊர்கள் ஏறியதிலிருந்து இந்தக் கூட்டம் கொஞ்சம் அதிகம். "இவ்வளவு பெரிய வீட்டில் எத்தனை பேர் கூட்டாக வாழ்ந்திருப்பார்கள்!" என்று வியக்கிறார்கள். கூட்டாக வாழ்ந்தோம், சரி. கூட்டாகச் சமைத்தோமா? இல்லை. யாரும் இரண்டாங்கட்டு வரை போய் அடுப்புகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்களில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் பெற்றவர்களே அவனையும் மருமகளையும் தனி அடுப்பு வைக்கச் சொல்லிவிடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவது அல்ல, நல்ல நாள் பார்த்துச் செய்வது. அதே கூரை, அதே கிணறு, அதே வளவு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு செலவு என்று அளந்து கொடுத்துவிட்டால், அதற்குள் குடும்பம் நடத்துவது அந்தப் பெண்ணின் சாமர்த்தியம். அந்தத் தம்பதிக்குப் 'புள்ளி' என்று பெயர். கோயிலுக்கு வரி போடுவதுகூடப் புள்ளிக் கணக்குதான். ஒரு வீட்டில் ஐந்து மகன்கள் என்றால் ஐந்து அடுப்பு, மாமியாருடையது ஆறாவது. சிக்கனமும் கணக்கும் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பாள் ஆத்தா. அவளுக்கு 1952-ல் கல்யாணம். அடுத்த வருஷம் வேறு வைத்தார்கள். அப்போது அவளுக்கு வயது 18. இரண்டாங்கட்டின் கிழக்கு மூலையில் அன்றைக்கு மூட்டிய அடுப்பு அவளுடையது. விறகு போய் மண்ணெண்ணெய் வந்து, பிறகு காஸ் வந்தது. மூலை மாறவில்லை.

ஆண்கள் வீட்டில் இருந்தால்தானே? ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று 'கொண்டுவிக்க'ப் போய்விடுவார்கள். மூன்று வருஷம் ஒரு தவணை. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கி வீட்டில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறுவது கடை ஏஜெண்டுகளின் வழக்கம். வயதான தாய் தகப்பனை அந்தக் காலத்தில் பிள்ளைகள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று யாராவது பேசினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பிள்ளைகள் பர்மாவில் மோல்மேனில் வட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டவர்கள் மருமக்கள். அதைவிட அதிகமாக, இளம் வயதில் தாலியறுத்துத் தாய்வீட்டோடு தங்கிவிட்ட பெண்கள். சம்பளச் சீட்டு எழுதாத வேலைக்காரிகள் அவர்கள்.

முதுமைக்கு வருகிறேன். கை ஓடுகிற வரை கிழவி தன் அடுப்பில் தானே கஞ்சி வைத்துக்கொள்வாள். கை நின்ற பிறகு? பிள்ளைகளின் அடுப்பிலிருந்து முறை வைத்துச் சாப்பாடு வரும். இந்த மாதம் மூத்தவன் அடுப்பு, அடுத்த மாதம் இரண்டாமவன் அடுப்பு. 1968-ல் எனக்குப் பத்து வயது. அப்பத்தாவுக்கு முறைச்சோறு கொண்டுபோகும் வேலை என்னுடையது. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோடு வளவைக் கடந்து போவேன். கண் தெரியாத அப்பத்தா தூக்குச் சத்தத்தைக் கேட்டதும், "இன்னைக்கு எந்த வீட்டுச் சோறு?" என்று கேட்பாள். ஒரு தடவைகூட "என்ன குழம்பு?" என்று கேட்டதில்லை. ஆத்தா அப்போது தன் அடுப்படியில் குனிந்திருப்பாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இடது கையால் உப்புமா கிண்டிக்கொண்டிருந்த ஆத்தாவிடம், "சமையலுக்கும் சேர்த்து ஆள் போட்டுர்றேன்" என்று நான் சொன்னபோது அவளுக்குக் கேட்டது அந்தத் தூக்குச் சத்தம்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு, அந்தத் தூக்கைச் சுமந்த எனக்கே, இரண்டு மாதம்.

அதற்குள் ஒரு பெண் வந்து நாலே நாளில் திரும்பிப் போயிருந்தாள். நிறுவனம் அனுப்பிய பெண். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. கெட்டிக்காரிதான், மாத்திரைகளை வேளை பிரித்து டப்பாவில் போட்டு, பிரஷர் பார்த்து நோட்டில் எழுதினாள். அதோடு நிற்காமல் பாதுகாப்பு என்று சொல்லி காஸ் லைட்டரை எடுத்து மேல் அலமாரியில் ஒளித்தாள். என்னிடம் போனில் பேசும்போது ஆத்தா காதுபடவே "பேஷண்ட் கோஆப்பரேட் பண்ண மாட்டேங்கிறாங்க" என்றாள். மறுநாள் காலை ஆத்தா அவளுக்கு இட்லி ஊட்டாத குறையாகச் சாப்பிடக் கொடுத்து, பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து, முகப்பு வரை வந்து வழியனுப்பினாள். விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி. வேலையை விட்டு நிறுத்துவதில் அப்படி ஒரு மரியாதை.

வயது முதிர்வைத் தனி மருத்துவமாகவே நம் ஊரில் பார்க்க ஆரம்பித்து ரொம்பக் காலமாகவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978-ல். அதற்கு முன் "வயசாயிருச்சு" என்பதே நோயின் பெயர், மருந்தும் அதுவே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 10.4 சதவீதம். எங்கள் ஊர்த் தெருவில் எண்ணினால் அது தலைகீழாக இருக்கும். பத்து வீட்டில் ஏழு பூட்டு. மூன்றில் தனிக் கிழவிகள்.

பூட்டு விழுந்த கதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1930-களின் விலைச்சரிவில் பர்மா விவசாயிகள் எங்களவரிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நிலமாகக் கொடுத்தார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் 25 சதவீதம். பணமாக இருந்ததெல்லாம் சேறாகி நின்றது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். தப்பி வந்தவர்கள் திரும்பிப் போய் நிலத்தை மீட்க முடியவில்லை. விடுதலை பெற்ற பர்மா நிலங்களை அரசுடைமை ஆக்கியது. கட்டும்போது பத்துப் புள்ளி வாழ்ந்து பெருகும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வீடுகள். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று கிளம்ப, தூண்களுக்குக் காவலாக ஆச்சிகள் மிஞ்சினார்கள். பங்காளிகளில் சிலர் தூணையே காரைக்குடிப் பழஞ்சாமான் கடைக்கு விற்றார்கள். அது வேறு கட்டுரை.

2019 ஐப்பசியில் பால் ஊற்றுகிறவர் மூலமாக இன்னொரு பெண் வந்தாள். சாயல்குடிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். சீருடை இல்லை, பயிற்சி இல்லை. படுக்கையில் கிடந்த தன் மாமியாரை நாலு வருஷம் பார்த்த அனுபவம் மட்டும். வாசலிலேயே நிறுத்தி ஒன்றே ஒன்று சொன்னேன்: "அடுப்பைத் தொடாதே. ஆத்தா சொன்னா காய் நறுக்கு. சொல்லலேன்னா அதுவும் வேண்டாம்."

சம்பளத்தை நான் பேசவில்லை. அண்ணனும் நானும் மாதாமாதம் பணம் போட்டுவிடுவது, கணக்கை ஆத்தா வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. அவளுக்கு இது புதிதல்ல. பழைய காலத்தில் பெண்ணுக்கு வந்த சீதனப் பணத்தைக் கடைக்கணக்கில் அவள் பெயரிலேயே வரவு வைத்து வட்டி கட்டுவார்கள். கணவன் வீட்டுக் கடையிலேயே தனிப் பற்றுவரவு உள்ள பெண்கள் அவர்கள். ஆத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணை எதிரில் உட்காரவைத்து, "தவணை எவ்வளவுத்தா? மாசத்துக்கு எத்தனை நாள் ஊருக்குப் போவே? முன்பணம் வேணுமா?" என்று கேட்டாள். முக்கால் நூற்றாண்டுக்கும் முன்பு ரங்கூனுக்குப் போகும் ஏஜெண்டைக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அந்தப் பெண் ஆறாயிரம் என்றாள். ஆத்தா ஆறாயிரத்து ஐந்நூறு என்று எழுதினாள்.

நோயாளி முதலாளியானாள். பாதிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. மீதிப் பாதி, பகல் பொழுது.

பொழுதைப் போக்குவது என்று தனியாக ஒன்று இந்தப் பெண்களுக்கு இருந்ததில்லை. ஆண்களுக்கு முகப்புத் திண்ணை உண்டு, சீட்டு உண்டு, சொக்கட்டான் உண்டு. பெண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாங்கட்டு. அங்கே கூடி உட்கார்ந்து கொட்டான் முடைவார்கள். பனங்குருத்தைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, சாயம் ஏற்றி, முடையும் முன் நனைத்துப் பதமாக்கி, அடியைச் சதுரமாகத் தொடங்கி மேலே வட்டமாக ஏற்றுவது கொட்டான். பூசைக்குத் தேங்காய் பழம், கல்யாணத்தில் பலகாரம், எல்லாம் அதில்தான் போகும். வெளியே பாசியும் மணியும் கோத்து உறை போட்டது சீர் வரிசையில் நிற்கும். யாரும் விலைக்கு முடைந்ததில்லை; மகளுக்கு, பேத்திக்கு. கை வேலை செய்யும், வாய் பர்மாக் கடிதத்தைப் படிக்கும். பிளாஸ்டிக் கூடை வந்ததும் இது மங்கியது. ஆச்சிகள் ஒவ்வொருவராகப் போக, கைத்திறமும் கூடவே போயிற்று. காரைக்குடியில் விசாலாட்சி ராமசாமி முனைந்து, மிஞ்சியிருந்த முதிய ஆச்சிகளிடமிருந்து கற்று ஊர்ப் பெண்களுக்குப் பழக்கியதால்தான் அது பிழைத்தது. இன்றைக்குச் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆத்தா கொட்டானைத் தொட்டு முப்பது வருஷமாகியிருந்தது.

டிவியில் நாட்டம் இல்லை. பேரன் வாங்கிக்கொடுத்த டேப்லெட்டில் தூசி. மணிக்கட்டுக்கு விரல் பயிற்சி செய்யச் சொல்லி மருத்துவர் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். "நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்று அதைத் தூண் ஓரத்தில் உருட்டிவிட்டிருந்தாள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போன பெண் திரும்பி வரும்போது கருப்பட்டி கொண்டுவந்தாள். அவள் ஊரில் பனை ஏராளம். கருப்பட்டி இருந்தது அவளே முடைந்த ஓலைப்பெட்டியில். ஆத்தா கருப்பட்டியைப் பார்க்கவில்லை, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏத்தா, இது என்ன மொடைச்சல்? கன்னமெல்லாம் பிதுங்கிக்கிட்டு நிக்கிது."

"கருப்பட்டிக்கு இது போதும் ஆச்சி."

"கருப்பட்டிக்குப் போதும். கையிக்குப் போதாது."

அடுத்த தடவை அவள் ஒரு கட்டுக் குருத்தோலை கொண்டுவந்தாள். நான் சொல்லிக் கொண்டுவந்தாளா என்றால் இல்லை. நான் மதுரையில் இணையத்தில் முதியோருக்கான ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

வலது விரல்களுக்கு ஆரம்பத்தில் பிடி நிற்கவில்லை. வகிர்வது அந்தப் பெண், முடைவது ஆத்தா. அடி போடுவதோடு கை ஓய்ந்துவிடும். பிறகு மெல்ல மேலே ஏறியது. இருவருக்கும் நாள் முழுக்க வாய்ச்சண்டை. சாயல்குடி முறையில் ஓலையை ஒற்றையாக விட்டால் போதும்; ஆத்தாவுக்கு இரட்டை வேண்டும். ஒருநாள் ஆத்தாவுக்கு ஓலை வேலை சுவாரசியமாகப் போய் உலையில் அரிசி போட நேரம் தவறியது. "ஏத்தா, நீயே போட்டு வடிச்சுரு" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாளாம். அடுப்பு கை மாறியதை அந்தப் பெண் போனில் ரகசியம் போல எனக்குச் சொன்னாள். மூன்று மாதம் நான் கெஞ்சியது. சாயங்காலப் பலகாரம் மட்டும் இன்னும் ஆத்தா கையில்தான். அதை அவள் விடவில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. பஸ் இல்லை, அந்தப் பெண் இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். சாயல்குடியில் அவள் பிள்ளைகள், மதுரையில் நான். யாருக்கும் யாரையும் பார்க்க வழியில்லை. அந்தப் பெரிய வீட்டில் இரண்டே பெண்கள். ஆண்கள் கப்பலேறிப் போன பிறகு இதே இரண்டாங்கட்டில் பெண்கள் இருந்த இருப்பு எப்படியிருந்திருக்கும் என்று அந்த நாட்களில்தான் நினைத்துக்கொண்டேன். ஊரடங்கு தளர்ந்து நான் போனபோது பதினேழு கொட்டான் வரிசையாக இருந்தது. ஒன்றை எடுத்தேன். "அது வேண்டாம், அது அவ போட்டது" என்றாள் ஆத்தா.

2021 ஆகஸ்டில் அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. கொஞ்ச நாளில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. கொண்டுவரும் பெண்ணைப் பட்டாலைத் திண்ணையில் உட்காரவைத்து, எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்து, காப்பி கொடுத்து, கையை நீட்டுவாள். சீருடைப் பெண்ணைத் திருப்பி அனுப்பிய அதே ஆத்தா. வந்தவளை முதலில் தன் வீட்டு மனுஷியாக்கிக்கொண்டு, அப்புறம்தான் கையைக் கொடுப்பாள்.

இப்போது கண் மங்கிவிட்டது. முடைவது அந்தப் பெண். ஆத்தா விரலால் தடவி இழை எண்ணுகிறாள். கணக்கு நோட்டை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லை. பெரிது பெரிதாகக் கோணல் எழுத்தில் அவளே எழுதுகிறாள். போன மாதம் போனபோது எடுத்துப் பார்த்தேன். சம்பளம் 9,000. பொங்கல் முன்பணம் 2,000, பற்று. அதன் கீழே: கொட்டான் 3. ஒன்று கோணல். கூலி இல்லை, பழகுகிறாள்.